ஹியூகனாட் மூதாதையரைத் தேடத் தொடங்குவோர் பணம் கட்டுவதற்கு முன் படிக்க

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிற இனத்தாரோடு திருமண உறவு பெருகிவிட்டதால், சம்பந்தி வீட்டாரின் வம்சாவளியைத் தேடித் தரும் வேலை நம்மவர்கள் கைக்கும் வந்து சேருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. என் கணவரின் தாயார் கென்டக்கியில் பிறந்தவர். தம் முன்னோர் மதத்தின் பொருட்டுப் பிரான்சிலிருந்து விரட்டப்பட்டு 1700ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் குடியேறிய ஹியூகனாட்டுகள் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர். நான் புதுச்சேரியில் பள்ளிப் படிப்பைப் பிரெஞ்சு மொழியோடு முடித்தவள் என்பதால், அந்தக் கதையை ஆவணங்களோடு நிறுவித் தரும் பொறுப்பை அவர் என்னிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ 4,000 டாலரும், பிள்ளைகள் உறங்கிய பிறகு கிடைத்த பல ஆண்டு இரவு நேரமும் இதில் செலவாயின. அவற்றில் பாதிக்கு மேல் வீணாயிற்று. எனக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்த யாராவது நாலு விஷயங்களைச் சொல்லியிருந்தால் அந்த இழப்பும், அதைவிடப் பெரிய மன வேதனையும் நேர்ந்திருக்காது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இன்றும் அந்தக் குடும்பப் பெயரோடு வாழ்பவர்கள் இருப்பதால் பெயரை மட்டும் தவிர்க்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எந்த ஆவணம் எங்கே கிடைக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பிரான்சில் சமயச் சீர்திருத்தவாதி கால்வினின் போதனையைப் பின்பற்றிய புராட்டஸ்டண்டுகளே ஹியூகனாட்டுகள். நான்காம் ஹென்றி 1598இல் நான்ட் அரசாணையின் மூலம் அவர்களுக்கு வழங்கிய வழிபாட்டு உரிமையைப் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் ரத்து செய்தார். போதகர்கள் இரண்டு வாரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், ஆனால் சாதாரண விசுவாசிகள் வெளியேறவே கூடாது என்பது ஆணை. பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் அடிமை வேலைக்கும், பெண்கள் கன்னிமாடச் சிறைக்கும் அனுப்பப்பட்டார்கள். அப்படியிருந்தும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் தப்பினார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் நெதர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மானியச் சிற்றரசுகள், சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் தங்கிவிட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வந்தவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. இதிலிருந்து தேடுபவர் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தப்பியவர் திருட்டுத்தனமாக வெளியேறியதால், பிரான்சில் அவர் புறப்பட்டதற்கான பதிவு இருக்காது. இடையில் அவர் தங்கிய லண்டனிலோ ஜெனீவாவிலோ ஆம்ஸ்டர்டாமிலோதான் அவருடைய பெயர் காகிதத்தில் ஏறியிருக்கும். பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்கு நேர்க்கோடு போட்டுக் காட்டும் எந்த வம்சாவளியையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

அமெரிக்காவுக்குள்ளும் ஹியூகனாட்டுகள் ஒரே இடத்தில் இறங்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் நியூ பால்ட்ஸில் 1677இல் நிலப்பட்டயம் பெற்ற பன்னிருவர் குடும்பங்களின் பதிவுகள் டச்சுத் திருச்சபைகளின் ஏடுகளோடு கலந்து கிடக்கின்றன. 1689இல் நிலம் வாங்கப்பட்ட நியூ ரோஷெலுக்கு வந்தவர்களையும் நியூயார்க் நகரத்தில் தங்கியவர்களையும் தேடுவோருக்கு, 1688 முதல் எழுதப்பட்ட நியூயார்க் பிரெஞ்சுத் திருச்சபைப் பதிவேடு அச்சில் கிடைக்கிறது. தென் கரோலினாவுக்குப் போனவர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லலாம். ஆங்கிலேயக் குடியுரிமை வேண்டி 1690களில் அவர்கள் தொகுத்த பட்டியலில் பலருடைய பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் எழுதப்பட்டுள்ளன. எங்கள் குடும்பக் கதை வர்ஜீனியாவின் மானகின் டவுனைச் சுட்டியது. மூன்றாம் வில்லியம் மன்னரின் ஆதரவோடு 1700இல் கப்பல்களில் வந்த அகதிகளுக்கு, இன்றைய ரிச்மண்டுக்கு மேற்கே ஜேம்ஸ் ஆற்றங்கரையில், மனகன் பழங்குடியினர் கைவிட்ட ஊர் இருந்த இடத்தில், 10,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அந்தக் குடியிருப்பே கிங் வில்லியம் பாரிஷ் என்ற திருச்சபைப் பங்காகவும் ஆக்கப்பட்டது.

நான் தேடத் தொடங்கிய அதே காலத்தில் மாமியாருக்கு இதய நோய் முற்றியது. அவர் உயிரோடிருக்கும்போதே முடிவைக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பில், வம்சாவளி ஆய்வையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கக் குடும்பத்தார் முடிவு செய்தார்கள். முன்பணமாகப் பாதி, முடிந்ததும் மீதி என்ற முறையில் ஏறத்தாழ 2,800 டாலர் கொடுத்தோம். சில மாதங்களில் தோல் அட்டையிட்ட ஒரு புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் குலச்சின்னம், அடுத்த பக்கத்தில் தெற்கு பிரான்சின் ஒரு கோட்டைப் படம், அதன் பிறகு பதினைந்தாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் பிரபுக்களின் வரிசை. மாமியார் அதைப் படுக்கையருகே வைத்துக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினார். பேரப்பிள்ளைகளை அழைத்து ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொன்னார். அவர் அந்த மகிழ்ச்சியோடு கண்ணை மூடியதை நினைத்து ஆறுதல் கொள்ளும்படி உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. அவர் நம்பிக்கையோடு தொட்டுத் தடவிய அந்தப் புத்தகத்தில் இருந்தது அவருடைய முன்னோரே அல்ல என்பதை அவர் மறைந்த பிறகு கண்டறிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அது வெளிப்பட்ட விதம் இது. அகதிகளின் வழித்தோன்றல்களுக்கென இருக்கும் ஒரு பரம்பரைச் சங்கத்தில் மாமியாரின் நினைவாகப் பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தோம். ஒவ்வொரு தலைமுறையிலும் ‘இவர் இவருடைய மகன்’ என்பதற்குத் தனித்தனிச் சான்று கேட்டார்கள். கென்டக்கித் தலைமுறைகள் தேறின. வர்ஜீனியாவில் வாழ்ந்த மகனை 1700இல் வந்த தந்தையோடு இணைக்கும் இடத்தில் சான்று இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. புத்தகத்தை எழுதியவரிடம் அந்த இணைப்புக்கு ஆதாரம் கேட்டு எழுதினேன். வெகு நாள் கழித்து வந்த பதிலில் ‘குடும்ப மரபு’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் இல்லை. நானே கப்பல் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். மானகின் அகதிகளின் பட்டியல்களில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் எழுதி, ‘மனைவியும் இரண்டு பிள்ளைகளும்’ என்று முடித்திருப்பார்கள். அந்தப் பெயரில்லாத பிள்ளைகளில் ஒருவராக எங்கள் முன்னோரை நுழைத்துவிட்டார் புத்தகம் எழுதியவர். அந்தத் தலைவரின் குடும்பப் பெயரில் பிரான்சில் ஒரு பிரபு வம்சம் இருந்ததுதான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் என்பது பின்னால் விளங்கியது.

இது புதிய வித்தையும் அல்ல. சுவீடனிலிருந்து வந்து நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலேண்டில் வாழ்ந்த குஸ்தாவ் ஆஞ்சூ என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் செல்வந்தக் குடும்பங்களுக்குப் பெரும் தொகை வாங்கிக்கொண்டு வம்சாவளிகளைப் புனைந்து விற்றது ஆய்வாளர்கள் ஆவணப்படுத்திய செய்தி. அவர் செய்த பொய்கள் நூலகங்களில் அச்சாகி அமர்ந்து, இன்று இணையத்தில் பலரும் ஏற்றிவைக்கும் குடும்ப மரங்களில் ஆயிரக்கணக்கான முறை நகலெடுக்கப்படுகின்றன. ஆகவே அச்சில் இருக்கிறது, நூறு மரங்களில் இருக்கிறது என்பதெல்லாம் சான்றாகாது. நூறு மரங்களும் ஒரே புத்தகத்திலிருந்து முளைத்தவையாக இருக்கலாம். குலச்சின்னத்தைப் பொறுத்தவரை, அது வழங்கப்பட்ட மனிதரின் வாரிசுகளுக்கு உரியதே தவிர, அதே குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் உரியது அல்ல. அதை முதல் பக்கத்தில் அச்சிட்டு விற்பவரிடம் கூடுதல் எச்சரிக்கையோடு இருங்கள்.

ஆளை அமர்த்துவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதே தேடலில் பின்னர் வர்ஜீனியாவில் ஒருவரை நீதிமன்ற ஏடுகளைப் பார்க்க மணிக்கணக்குக் கூலிக்கு அமர்த்தினேன், அவர் செய்த வேலை தங்கம். வித்தியாசம் ஒப்பந்தத்தில்தான் இருந்தது. ‘குடும்ப வரலாறு எழுதித் தருக’ என்று மொத்தமாகக் கொடுக்காமல், ‘இன்னாரின் தந்தை யார் என்பதற்கு இந்த மாவட்டத்தில் இந்த ஆண்டுகளில் சான்று உண்டா’ என்று ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். எந்தெந்த ஏட்டைப் பார்த்தார், எதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் ஏட்டின் பெயர், தொகுதி, பக்கம், படம் ஆகியவை வேண்டும் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாஷிங்டனில் 1964இல் தொடங்கப்பட்ட வம்சாவளி ஆய்வாளர்களுக்கான சான்றளிப்பு வாரியம் போன்ற அமைப்புகளில் சான்று பெற்றவர்களின் பட்டியல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. அங்கிருந்து தொடங்குவது நல்லது.

இனி நான் மீண்டும் தொடங்கிய கதை. இம்முறை பிரான்சை மறந்துவிட்டு, மாமியாரின் பிறப்புச் சான்றிதழிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நடந்தேன். நம் ஊரில் மனை வாங்கும் முன் கைமாறிய ஒவ்வொரு பத்திரத்தையும் மூலப்பத்திரம் வரை விடாமல் பார்ப்போமே, அந்தப் பொறுமைதான் இங்கும் தேவை. 1850 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கும், ஏனெனில் சுதந்திரமானவர்கள் எல்லோருடைய பெயரும் எழுதப்படத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். ஆனால் வீட்டுத் தலைவருக்கு இன்ன உறவு என்று எழுதும் வழக்கம் 1880இல்தான் வந்தது என்பதால், 1850இல் ஒரே வீட்டில் இருக்கும் சிறுவன் மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புகள் அழிந்தே போய்விட்டன. அந்த இடைவெளியை நிரப்ப ஆண்டுதோறும் எழுதப்பட்ட வரிப் பட்டியல்கள் இருக்கின்றன. அலுப்பூட்டுபவைதான், ஆனால் ஒரு மனிதர் எந்த ஆண்டில் ஒரு மாவட்டத்துக்கு வந்தார், எந்த ஆண்டில் இறந்தார், எந்த மகன் எந்த ஆண்டில் வயது வந்தவரானார் என்பதெல்லாம் அவற்றில் தெரிந்துவிடும்.

குடும்பத்தில் ஒரு பழைய விவிலியம் இருந்தது. நடுவே இருக்கும் பதிவுப் பக்கங்களில் 1780களிலிருந்து பிறப்புகள் எழுதப்பட்டிருந்ததால் அதை மறுக்க முடியாத சான்றாக எல்லோரும் கருதினார்கள். ஒரு நாள் அதை மேசையில் விரித்து உருப்பெருக்கியோடு பார்த்தேன். முதல் பதினொரு பிறப்புகளும் ஒரே கையெழுத்தில், ஒரே நிற மையில், ஒரே முனைப் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. பன்னிரண்டாவது முதல்தான் எழுத்தும் மையும் மாறின. தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் அந்த விவிலியம் அச்சானதே 1830களில். அதாவது அந்தப் பதினொன்றையும் யாரோ ஒருவர் பிற்காலத்தில் ஒரே அமர்வில், நினைவிலிருந்தோ வேறு ஏட்டிலிருந்தோ எழுதியிருக்கிறார். அதனால் அது பயனற்றதாகிவிடவில்லை, ஆனால் அந்தந்த நாளில் எழுதப்பட்ட பதிவுக்குரிய மதிப்பை அதற்குக் கொடுக்க முடியாது. குடும்ப விவிலியம் கிடைத்தால் பதிவுப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

கென்டக்கியில் ஒரு தலைமுறை மகள் வழியாக இறங்கியதால் குடும்பப் பெயர் அங்கே மறைந்துபோனது. அவளுடைய திருமணப் பதிவில் தந்தை பெயர் இல்லை. தந்தையின் உயிலில் அவளுடைய பெயர் கணவனின் குடும்பப் பெயரோடு இருந்ததால் அந்தக் கண்ணி கிடைத்தது. அந்தத் தந்தை 1790களில் வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் மாவட்டத்திலிருந்து வந்தவர். அங்கே போய்த் தேடினால் 1777க்கு முன் ஒரு வரியும் இல்லை. ஏடுகள் எரிந்துவிட்டன போலும் என்று பலரும் அந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். எரியவில்லை, மாவட்டமே அப்போது இல்லை. மானகின் டவுன் முதலில் ஹென்ரைகோ மாவட்டத்தில் இருந்தது. அங்கிருந்து 1728இல் கூச்லேண்ட் பிரிந்தது, கூச்லேண்டிலிருந்து 1749இல் கம்பர்லேண்ட் பிரிந்தது, கம்பர்லேண்டிலிருந்து 1777இல் பவ்ஹாட்டன் பிரிந்தது. ஒரு குடும்பம் வீட்டை விட்டு ஓரடி நகராமலே நான்கு நீதிமன்றங்களின் ஏடுகளில் பதிவாகியிருக்கும். தேடத் தொடங்கும் முன் அந்த நிலம் எந்த ஆண்டில் எந்த மாவட்டத்தின் கீழ் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் எனக்கு மிச்சப்படுத்திய நேரத்துக்கு அளவில்லை.

கூச்லேண்ட் கிரயப் பத்திரங்களில்தான் உண்மை கிடைத்தது. நான் தேடியவர் 1730களில் நிலத்தில் ஒரு பகுதியை விற்றபோது, ‘பிரெஞ்சு அகதிகளுக்காக அளக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி’ என்று தொடங்கி, அது தம் தந்தை இன்னாருக்குப் பட்டயமாக வழங்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார். தந்தையின் பெயர், தோல் அட்டைப் புத்தகத்தில் இருந்தவருடைய பெயர் அல்ல. அதே குடும்பப் பெயர் கொண்ட இன்னொருவர், கப்பல் பட்டியல்கள் எதிலும் இல்லாதவர். பத்திரத்தின் கடைசியில் விற்றவரின் மனைவியைத் தனியாக விசாரித்து, நிலத்தில் தனக்குரிய விதவைப் பங்கை அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக நீதிமன்றம் குறித்த ஒரு பத்தி உண்டு. பலர் இதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். மனைவியின் பெயர் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான், ஒரே பெயருடைய பங்காளிகளைப் பிரித்தறிய மனைவி பெயரைவிட நல்ல அடையாளம் இல்லை.

ஒரு பத்திரத்தை மட்டும் நம்பி நிற்காமல் பாரிஷ் நிர்வாகக் குழுவின் ஏட்டோடும் ஒப்பிட்டேன். கிங் வில்லியம் பாரிஷின் அந்த ஏடு 1707 முதல் 1750 வரை அச்சில் கிடைக்கிறது. அதில் தலைவரி செலுத்த வேண்டியவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. வர்ஜீனியாவில் வெள்ளையர் வீட்டு ஆண்கள் 16 வயதானதும் வரிக் கணக்கில் ஏறுவார்கள். ஆகவே ஒருவர் பெயர் முதன்முதலாக வரும் ஆண்டிலிருந்து 16ஐக் கழித்தால் பிறந்த ஆண்டு ஏறத்தாழத் தெரிந்துவிடும். எங்கள் முன்னோர் வரிக் கணக்கில் ஏறிய ஆண்டை வைத்துப் பார்த்தால், 1700இல் கப்பலில் வந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவராக அவர் இருக்க வழியே இல்லை. அந்தக் கப்பல் புறப்பட்ட பிறகு பிறந்தவர் அவர். ஒரு கழித்தல் கணக்கு 2,800 டாலர் புத்தகத்தை வீழ்த்திவிட்டது என்று அன்றிரவு கணவரிடம் சொல்லி அழுதேன். கிடைத்ததற்கான மகிழ்ச்சியும் மாமியாரிடம் சொல்ல முடியாமல் போனதற்கான துயரமும் ஒன்றாக வந்த அழுகை அது.

எழுத்துக்கூட்டலிலும் தேதியிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிரெஞ்சுப் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். மானகினில் சொப்லே சப்லெட் ஆனது, அஜே ஏஜி ஆனது. பாஸ்டனுக்குச் சிறுவனாக வந்த அப்போலோ ரிவுவார்தான் பிற்காலத்தில் அமெரிக்கப் புரட்சி வீரர் பால் ரிவியருக்குத் தந்தையானார். எனவே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அட்டவணையைவிட்டு விலகி, அந்த ஊர்ப் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் படிப்பதுதான் வழி. தேதியைப் பொறுத்தவரை, பிரான்ஸ் 1582லேயே கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தன, அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. எனவே 1723 நவம்பரில் திருமணமான தம்பதிக்கு 1723 பிப்ரவரியில் மரணப் பதிவு இருந்தால் பதற வேண்டாம், அந்தப் பிப்ரவரி நவம்பருக்குப் பின்னால் வந்தது. நம் கணக்குப்படி அது 1724. குறிப்பேட்டில் 1723/4 என்று இரண்டையும் எழுதி வையுங்கள்.

மானகினின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1721 முதலான பதிவுகள் கிடைக்கின்றன. பிள்ளையின் பெயர், தாய் தந்தையர், பிறந்த நாள், ஞானத் தாய், ஞானத் தந்தை என்று ஒவ்வொரு பதிவும் ஒரே ஒழுங்கில் வரும். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் சொந்தக்காரர்கள் என்பதால், பெண் வழி உறவைக் கண்டுபிடிக்க அந்தப் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதைப் படித்துக்கொண்டே வந்தபோதுதான் அதே பக்கங்களில் வேறு வகைப் பதிவுகளும் இருப்பதைக் கண்டேன். அடிமைப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள் அவை. தாய் தந்தை பெயருக்குப் பதிலாக இன்னாருக்குச் சொந்தம் என்று மட்டும். மதத்துக்காக எல்லாவற்றையும் இழந்து ஓடிவந்தவர்களின் முதல் தலைமுறையே மனிதர்களை உடைமையாக வைத்திருந்தது என்பதை ஜீரணிக்க எனக்கு நாளாயிற்று. எங்கள் முன்னோரின் உயிலிலும் கட்டில், செப்புப் பாத்திரங்கள், பசுக்கள் ஆகியவற்றோடு மனிதர்களின் பெயர்களும் பாகம் பிரிக்கப்பட்டிருந்தன. மாமியார் கேட்டு வளர்ந்த கதையில் இது ஒரு வரியாகக்கூட இல்லை.

நான் அந்தப் பெயர்கள் அனைத்தையும், எந்த ஆண்டில், எந்த ஆவணத்தில், யாரிடமிருந்து யாருக்கு என்ற விவரத்தோடு தனிப் பட்டியலாக எழுதினேன். இதைத் தேடும் எல்லோரும் செய்ய வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அடிமைப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் முன்னோரைத் தேடும்போது 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு வழி அடைபட்டுவிடுகிறது. முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் எல்லோரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு அதுதான். அதற்கு முந்தைய பெயர்கள் உரிமையாளர்களின் உயில்களிலும் சொத்துக் கணக்குகளிலும்தான் கிடக்கின்றன, அந்த ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம்தான். நான் பட்டியலைப் பொதுவில் வைத்த பிறகு, ஒரு பெண்மணி தன் பாட்டியின் பாட்டிக்குத் தாயாக இருக்கக்கூடிய ஒருவரை அதில் கண்டு எழுதினார். நாங்கள் இருவரும் இப்போது ஒரே மாவட்டத்தின் ஏடுகளைப் பங்கு போட்டுப் படிக்கிறோம்.

மரபணுச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிலும் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். பொதுவான எச்சில் சோதனையில் என் கணவருக்குப் பிரெஞ்சு விழுக்காடு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்தது. அதை வைத்து ஹியூகனாட் கதையே பொய் என்று முடிவு செய்தால் தவறு. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு, அவர்களில் பலரிடமிருந்து ஒரு துணுக்கு மரபணுகூட நமக்கு வந்து சேர்வதில்லை. பயன்பட்டது ஒய் குரோமோசோம் சோதனை. அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குவது. எங்கள் கொடியில் மகள் ஒருத்தி குறுக்கே வருவதால் என் கணவரோ அவருடைய மாமன்மாரோ அதற்குப் பயன்பட மாட்டார்கள். மகன் வழியாகவே அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கி வந்த தூரத்து உறவினர் ஒருவரைக் கண்டுபிடித்து, காரணத்தை விளக்கி, கட்டணத்தை நானே செலுத்திச் சம்மதிக்க வைத்தேன். பத்திரத்தில் இருந்த தந்தையின் இன்னொரு மகன் வழியில் வந்தவரோடு அவருடைய முடிவு பொருந்தியது. கப்பல் பட்டியலில் இருந்தவரின் வழியில் வந்தவரோடு பொருந்தவில்லை. ஆவணம் சொன்னதை இது உறுதி செய்தது, அவ்வளவே. ஆவணம் இல்லாமல் இது மட்டும் இருந்திருந்தால் எந்தத் தந்தை, எந்த ஊர் என்று எதுவும் தெரிந்திருக்காது.

கடலுக்கு அப்பால் தேடும்போது என் பள்ளிப் பிரெஞ்சு உதவியது. லண்டனின் த்ரெட்நீடில் தெருப் பிரெஞ்சுத் திருச்சபையின் பதிவுகளை, 1885இல் தொடங்கப்பட்ட லண்டன் ஹியூகனாட் சங்கம் பிரெஞ்சிலேயே அச்சிட்டிருக்கிறது. புதிதாக வந்த அகதிகள் தங்கள் விசுவாசத்துக்குக் கொண்டுவந்த சான்றுகளின் பட்டியலும், திருமணப் பதிவுகளும் அவற்றில் உண்டு. 1690களின் ஒரு திருமணப் பதிவில், கூச்லேண்ட் பத்திரம் சொன்ன அந்தத் தந்தையின் பெயரும், மானகினில் அவருக்கு மனைவியாக எழுதப்பட்ட பெண்ணின் பெயரும் ஒன்றாக இருந்தன. மணமகனின் பெயருக்குப் பின்னால் பிறந்த ஊரும், புவாத்தூ மாகாணம் என்ற குறிப்பும் இருந்தன. நெசவுத் தொழில் செய்த சாதாரணக் குடும்பம். கோட்டையும் இல்லை, குலச்சின்னமும் இல்லை. தோல் அட்டைப் புத்தகத்தில் இருந்த பிரபுக்களைவிட இந்த நெசவாளியின் மேல் எனக்கு ஏற்பட்ட பாசம் மிக அதிகம். 1681இல் குதிரைப்படை வீரர்களை வீடு வீடாகத் தங்கவைத்து மக்களை மதம் மாற்றிய கொடுமை முதலில் கட்டவிழ்த்துவிடப்பட்ட மாகாணம் புவாத்தூதான். அவர் எதிலிருந்து தப்பினார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பிரான்சில் தேடப் போகிறவர்கள் மாகாணப் பெயரோடு நின்றுவிடக் கூடாது. புவாத்தூ என்ற மாகாணம் 1790இல் வான்தே, தூ-செவ்ர், வியென் என்ற மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது, அவற்றின் ஆவணக் காப்பகங்கள் முறையே லா ரோஷ்-சூர்-யோன், நியோர், புவாத்தியே நகரங்களில் தனித்தனியாக இருக்கின்றன. திருச்சபைப் பதிவேடுகளின் படங்களைக் காப்பகங்களின் இணையதளங்களில் பார்க்கலாம். புராட்டஸ்டண்டு ஆலயங்களின் பதிவேடுகள் பல அழிந்துவிட்டன. அப்படியிருந்தாலும், கட்டாயத்தால் மதம் மாறியவர்களின் பெயர்கள் கத்தோலிக்கப் பங்குப் பதிவேட்டிலேயே இருக்கக்கூடும், சொத்து, திருமண ஒப்பந்தம், கடன் ஆகியவை நோட்டரிகளின் கட்டுகளில் இருக்கக்கூடும். நோட்டரிக் கட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் அட்டவணை கிடையாது, காப்பகத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து புரட்ட வேண்டும். எங்கள் நெசவாளியின் ஊர் தூ-செவ்ரில் வருவதால் நான் போக வேண்டியது நியோருக்கு. அவருடைய பெற்றோர் யார் என்ற இடம் மரத்தில் இன்னும் வெற்றாகவே இருக்கிறது, சான்று கிடைக்கும்வரை அதை அப்படியே வைத்திருக்கப் போகிறேன். பரம்பரைச் சங்கத்துக்கான விண்ணப்பத்தைப் பத்திரம், வரிப் பட்டியல், லண்டன் திருமணப் பதிவு ஆகியவற்றின் நகல்களோடு, மாமியாரின் பெயரை முதலில் எழுதி, மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.